கைக்கோடரியும் கருந்திரியும்: இளையோர் பேரிடர்ப் புனைவில் பிழைப்பு, முதிர்ச்சி, தொழில்நுட்பச் சார்பு

பேரிடரில் சிக்கிய பதின்பருவத்தினர் பெரியவர்களின் துணையின்றி உயிர் தப்புவதையும், அந்தப் போராட்டத்தினூடாகவே மனம் முதிர்வதையும் கதைப்பொருளாகக் கொண்ட நாவல்கள் கடந்த அரை நூற்றாண்டில் உலகின் பல மொழிகளில் ஒரு தனி வகையாகவே வளர்ந்து நிற்கின்றன. ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள வாசகரைக் கருதி எழுதப்படும் இவ்வகை எழுத்தை இளையோர் பேரிடர்ப் புனைவு என்று குறிக்கலாம். எரிமலை, வறட்சி, போர், கொள்ளைநோய் என இடரின் வடிவம் நூலுக்கு நூல் மாறினாலும் இவை எழுப்பும் கேள்விகள் மூன்றுதான்: உயிர் பிழைக்க எது வேண்டும், முதிர்ச்சி எப்போது வருகிறது, அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்கும் தொழில்நுட்பம் கைவிட்டால் மனிதரிடம் எஞ்சுவது என்ன. மேலை நாட்டு நாவல்கள் இவற்றுக்குத் தரும் விடை, பட்டாசும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கும் விருதுநகர் மாவட்டத்து ஊர்களில் வைத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது என்பதும், அந்தத் தலைகீழ் அனுபவத்தைக் கரிசல் நிலத்துத் தமிழ் எழுத்து இவ்வகைப் பெயர் எதையும் சூட்டிக்கொள்ளாமலே பதிவு செய்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இவ்வகையின் மூதாதையாக 1719இல் வெளிவந்த டேனியல் டிஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’வைச் சொல்வது வழக்கம். குரூசோ வளர்ந்த ஆள். உடைந்த கப்பலிலிருந்து துப்பாக்கியையும் தச்சுக் கருவிகளையும் கரைசேர்த்துக்கொண்டவன். ஆகவே அவனுக்கு முதிர்ச்சியும் கேள்வியில்லை, தொழில்நுட்பமும் கேள்வியில்லை. சார்பு என்னும் கேள்வியைக் கூர்மையாக எழுப்பியது ஈ. எம். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய ‘த மெஷின் ஸ்டாப்ஸ்’ என்னும் நெடுங்கதை. நிலத்தடி அறைகளில் உணவு, காற்று, பேச்சு என அனைத்தையும் ஒரே இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்ட சமூகம் அது நின்றதும் அழிவதை அக்கதை காட்டியது. தீவும் இயந்திரமும் ஆகிய இந்த இரண்டு ஓடைகளும் கேரி பால்சன் 1987இல் வெளியிட்ட ‘ஹாட்செட்’ நாவலில் ஒன்றுசேர்ந்தன. சிறுவிமானத்தின் விமானி மாரடைப்பால் இறந்துபோக, பதின்மூன்று வயது பிரையன் கனடாவின் காட்டு ஏரியில் விழுந்து, தாய் பரிசளித்த கைக்கோடரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 54 நாள்கள் உயிர் வாழ்கிறான். கோடரியைப் பாறையில் அடித்துத் தீப்பொறி எடுக்க அவன் கற்றுக்கொள்வதுதான் நாவலின் நடுநாயகமான காட்சி. நகரத்துப் பையன் நெருப்பை மீண்டும் கண்டுபிடித்து ஆளாகிறான் என்பதே அந்நூலின் புகழுக்குக் காரணம். ஆனால் முடிவில் அவனை மீட்பது, எதற்கென்று அறியாமலே அவன் முடுக்கிவிட்ட அவசரகால வானொலிக் கருவி என்பதை அந்தப் புகழுரைகள் எளிதில் கடந்துவிடுகின்றன. இயந்திரத்தை விட்டு விலகியதால் வளர்ந்தவனாகச் சித்திரிக்கப்படும் சிறுவனை இயந்திரமே வீடு சேர்க்கிறது. இந்த முரண் இவ்வகை நாவல்கள் பலவற்றிலும் ஒளிந்திருக்கிறது.

பின்வந்த நூல்கள் இதே சட்டகத்தைப் பெருக்கின. சூசன் பெத் ஃபெஃபரின் ‘லைஃப் ஆஸ் வி நியூ இட்’ (2006) நிலவின் பாதை மாறியதால் குலைந்த உலகில் ஒரு சிறுமி எழுதும் நாட்குறிப்பு. மைக் மல்லினின் ‘ஆஷ்ஃபால்’ (2011) எரிமலைச் சாம்பலில் வீட்டாரைத் தேடி நடக்கும் பதினைந்து வயதுப் பையனின் பயணம். நீல் ஷஸ்டர்மனும் அவர் மகன் ஜாரடும் எழுதிய ‘ட்ரை’ (2018) கலிஃபோர்னியாவில் குழாய்த் தண்ணீர் நின்றுபோன சில நாள்களின் கதை. இவற்றில் பேரிடர் என்பது முதலில் மின்சாரம் போவதாகவும், கைபேசி ஊமையாவதாகவும், கடையில் பொருள் தீர்வதாகவுமே வாசகருக்கு உணர்த்தப்படுகிறது. 2008ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டைக் கண்ட தமிழ்நாட்டு மாணவருக்கு அத்தகைய முதல் அத்தியாயம் பேரிடராகத் தோன்றாமல் அரையாண்டுத் தேர்வுக்காலமாகத் தோன்றியிருந்தால் வியப்பதற்கில்லை. எம். டி. ஆண்டர்சனின் ‘ஃபீட்’ (2002) மட்டும் எதிர்த்திசையில் செல்கிறது. மூளையில் பொருத்திய இணைப்புக் கருவி பழுதாகிப் பதின்பருவப் பெண் ஒருத்தி மெல்ல மடிவதைச் சொல்லும் அந்நாவலில் தொழில்நுட்பம் தொலைந்துபோவது இடரன்று, உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பதே இடர்.

சிவகாசி வட்டாரத்திற்கு இவற்றுள் மிக அருகில் வருவது சூசன் காலின்ஸின் ‘த ஹங்கர் கேம்ஸ்’ (2008). அதன் நாயகி காட்னிஸ், தலைநகரின் ஆடம்பரத்துக்காக நிலக்கரி வெட்டும் பன்னிரண்டாம் மாவட்டத்தைச் சேர்ந்தவள்; தந்தை சுரங்க வெடிப்பில் இறந்த பின் பதினொரு வயதிலேயே குடும்பத்துக்கு உணவு தேடும் பொறுப்பை ஏற்றவள். அரங்கில் நடக்கும் கொலை விளையாட்டுத்தான் வாசகர் நினைவில் நிற்கிறது என்றாலும், அவளை முதிரச் செய்தது அரங்கமன்று, அதற்கு முன்பே நடந்துவிட்ட தொழில் விபத்து. பிறருடைய கொண்டாட்டத்திற்கான சரக்கைச் செய்யும் ஊரில் விபத்து விதிவிலக்காக வருவதில்லை, அன்றாடத்தின் அடியிலேயே கிடக்கிறது என்னும் உண்மையை இவ்வகை நாவல்களுள் அது ஒன்றே தொட்டுச் செல்கிறது. தொட்டுவிட்டு வேறு திசையில் போயும்விடுகிறது.

சிவகாசியின் தொழில் வரலாறே இளையோரிடமிருந்து தொடங்குகிறது. மழை பொய்க்கும் மண்ணில் வேளாண்மையை நம்ப முடியாத நிலையில், இருபது வயதை ஒட்டிய இளைஞர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். தொடக்கத்தில் இயந்திரங்களைத் தருவித்தும் விரைவிலேயே தொழில் கைமுறைக்கு மாறிற்று. ஸ்வீடன் நாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளையான விம்கோவின் இயந்திரத் தீப்பெட்டியோடு போட்டியிடக் கைத்தொழில் தீப்பெட்டிக்கு அரசு கலால் வரியில் சலுகை தந்தது. அச்சலுகை சிறு முதலாளிகளைக் காத்தது, அதே கையோடு குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்களுக்குத் தீராத தேவையையும் உண்டாக்கியது. வெடிபொருள் விதிகள் 1940இல் வகுக்கப்பட்ட காலத்தை ஒட்டிப் பட்டாசுத் தொழில் வேரூன்றியது. இயந்திரத்தைச் சார்ந்து மனிதத் திறன் மழுங்கியது என்று மேலை நாவல்கள் வருந்தும்போது, இயந்திரம் வராமற்போனதன் விலையைக் குழந்தைப் பருவத்தால் கட்டிய நிலப்பகுதி ஒன்று இருந்தது என்பது இக்கேள்வியை ஆராய்வோர் கவனத்துக்கு உரியது.

அந்த விலை நன்கு ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. விடியுமுன் கிராமம் கிராமமாகச் சென்று சிறாரை ஏற்றிவரும் ஆலைப் பேருந்துகளுள் ஒன்று விபத்துக்குள்ளானதை அடுத்து 1976இல் சிறார் உழைப்பை ஆராய ஹர்பன் சிங் குழு அமைக்கப்பட்டது. 1983இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் சிறார் உழைப்பைப் பற்றி எழுதினார். 1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். 1991இல் மைரன் வீனர், இந்தியாவில் குழந்தையும் அரசும் பற்றிய தம் நூலில் சிவகாசியை ஒரு முதன்மைச் சான்றாகக் கொண்டு, வறுமையைக் காட்டிலும் கட்டாயக் கல்வியைச் செயற்படுத்தாத அரசின் மனப்போக்கே சிறார் உழைப்புக்குக் காரணம் என்று வாதிட்டார். எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் அளித்த தீர்ப்பு, வெடிமருந்து புழங்கும் இடத்திலிருந்து விலகிய பொட்டலப் பணிகளில் சிறாரை அனுமதித்து, பெரியவர் கூலியில் குறைந்தது 60 விழுக்காடு தர வேண்டும் என்றது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் 1996 டிசம்பர் 10இல் அதே நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை நலநிதிக்குச் செலுத்த ஆணையிட்டது. ஒரு குழந்தையின் கை எந்த மேசை வரைக்கும் நீளலாம் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஆறாண்டு இடைவெளியில் இரு விதமாக அளந்தது என்பது, முதிர்ச்சி எப்போது தொடங்குகிறது என்ற இலக்கியக் கேள்வியைக் காட்டிலும் கடுமையான செய்தி.

பேரிடர்ப் புனைவில் முதிர்ச்சி என்பது இடருக்குப் பின் வருவது. நாவலின் கடைசிப் பக்கத்தில் கிடைக்கும் பரிசு. தீப்பெட்டி ஆபீஸுக்குப் பத்து வயதில் போன பெண்பிள்ளைக்கு அது முதல் பக்கத்திலேயே கையில் திணிக்கப்பட்டுவிடுகிறது: வாரக் கூலியைக் கணக்குப் பார்ப்பது, வீட்டார் வாங்கிய முன்பணத்துக்குத் தன் உழைப்பால் ஈடுகட்டுவது, தம்பியின் பள்ளிச் செலவைத் தன் பொறுப்பாக எண்ணுவது ஆகியவை எந்த எரிமலையும் வெடிக்காமலே அவளுக்கு வந்துசேர்ந்தன. இதை முதிர்ச்சி என்று பாராட்டுவது தவறு. பருவம் ஒன்று பறிக்கப்பட்டதற்கு இட்ட மேற்பூச்சு அது. நெருக்கடி மனிதரைச் செதுக்குகிறது என்னும் இவ்வகை நாவல்களின் அடிப்படை நம்பிக்கை, நெருக்கடியே அன்றாடமாகிவிட்ட இடத்தில் செல்லுபடியாவதில்லை.

தொழில்நுட்பம் பற்றிய கேள்வியும் பட்டாசு ஆலையின் உள்ளே வேறு வடிவம் கொள்கிறது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி முதலியவற்றைச் சலித்துச் சேர்க்கும் மருந்து கலக்கும் வேலை, வெயில் ஏறுமுன் விடியற்காலையில், மற்ற அறைகளிலிருந்து விலக்கிக் கட்டிய தனி அறையில் நடைபெற வேண்டும். இரும்பு உராய்ந்தால் பொறி பறக்கும் என்பதால் மரம், பித்தளை போன்ற பொருள்களாலான கருவிகளே அங்கு அனுமதிக்கப்படுகின்றன. உடலில் சேரும் நிலைமின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, பருத்தி உடையில், வெறுங்காலோடு உள்ளே போக வேண்டும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் தானாகவே வெப்பம் கிளம்பும் என்பதால், மாலையில் மீந்த மருந்தை மறுநாளைக்கென மூடிவைப்பது வெடிகுண்டை வீட்டில் உறங்கவைப்பதற்கு ஒப்பாகும். கைபேசிக்கு அங்கே இடமில்லை. மேலை நாவலில் கைபேசி அணைந்துபோவது பேரிடரின் முதல் அறிகுறி. மருந்து அறையில் அதை வெளியே வைத்துவிட்டு வருவது உயிர் பிழைப்பதன் முதல் விதி.

ஆகவே இங்கு உயிர் காப்பது காட்டறிவு அன்று, விதியறிவு. பிரையனுக்குக் கோடரி இருந்தால் போதும்; மருந்து செலுத்தும் தொழிலாளிக்கு ஓர் ஆய்வாளர் வேண்டும், உரிமம் வேண்டும், தட்டுப்பாட்டுக் காலத்திலும் நால்வரை ஐவராக்காத போர்மேன் வேண்டும். உரிமம் பெற்றவர் ஆலையை அறை அறையாகப் பிறருக்கு விட்டுவிடும் உள்குத்தகை முறையும், தீபாவளிக்கு முந்திய மாதங்களின் அவசரமும், வீடுகளில் மறைவாக நடக்கும் கருந்திரி (மருந்து தோய்த்த வெடித்திரி) உற்பத்தியும் இந்தச் சங்கிலியை அறுக்கும்போது, எந்தத் தனிமனிதத் துணிவும் அதை ஒட்டவைக்க முடியாது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியின் பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் ஏறக்குறைய 40 பேர் உயிரிழந்தனர். முதல் தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடிவந்தவர்கள், பின்னர் நிகழ்ந்த பெருவெடிப்பில் சிக்கி மாண்டோருள் பெரும்பகுதியினர். ஆபத்தை நோக்கி ஓடும் துணிவையே வீரமாக வளர்க்கும் புனைவு வகைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு இருக்க முடியாது. சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியில் நடந்த விபத்தும் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று.

இந்த அனுபவம் தமிழில் எழுதப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இளையோருக்கான நூல்களில் அதைத் தேடினால் கிடைப்பது அரிது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஆண்டிப்பட்டியைச் சேர்ந்த பூமணி 1982இல் வெளியிட்ட ‘வெக்கை’, இளையோர் பிழைப்பு நாவல் என்னும் வகைக்குத் தமிழில் உள்ள மிகச் சிறந்த சான்று என்று துணிந்து கூறலாம். பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற நிலக்கிழாரை வெட்டிவிட்டுத் தந்தையோடு கரிசல் காட்டிலும் மலையடிவாரத்திலும் ஒளிந்து திரியும் சில நாள்களே கதை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தத் தோட்டத்தில் பசியாறலாம், எந்தப் பாதையில் கால்தடம் தெரியாது என்னும் அறிவெல்லாம் அவனுக்குத் தந்தையிடமிருந்து பேச்சுவாக்கில் வந்துசேர்கிறது. அதை அவன் தனியே கண்டுபிடிப்பதில்லை. குண்டு செய்யத் தெரிந்த பையனாகச் சிதம்பரம் இருப்பதைப் பூமணி வியப்புக்குரிய செய்தியாகச் சொல்வதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. வெடிமருந்து புழங்கும் நிலத்தில் அந்தக் கைப்பழக்கம் இயல்பு. பிரையனின் முதிர்ச்சி தனிமையில் விளைகிறது. சிதம்பரத்தின் முதிர்ச்சி, தந்தை அவனைத் தனக்குச் சமமான ஆளாக மதித்துப் பேசத் தொடங்கும் இடத்தில் தென்படுகிறது. கடைசியில் இருவரும் நீதிமன்றத்தை நோக்கி நடப்பதாக நாவல் முடிவதால், மீட்பு வானிலிருந்து வருவதற்குப் பதிலாக ஒரு நிறுவனத்தின் வாசலில் ஐயத்தோடு நிற்கிறது. அதைத் தழுவி 2019இல் ‘அசுரன்’ என்னும் பெயரில் வந்த திரைப்படம் சினத்தைப் பெருக்கியது. நாவலின் பலம் அதன் நிதானத்தில் உள்ளது.

தீப்பெட்டித் தொழிலில் சிறார் உழைப்பை நேரடியாக எடுத்துக்கொண்டதும் பூமணியே. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக அவர் இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ (1996), வேலைக்குப் போகும் மகளின் நாள்களைத் தொடர்கிறது. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையை அடியொற்றி சசி 2008இல் எடுத்த ‘பூ’ படத்தின் நாயகி மாரி பட்டாசு ஆலைத் தொழிலாளி. அவள் கதை காதலைப் பற்றியது, ஆலை அதன் பின்னணி. ஆலை பின்னணியாகவே நிற்க முடிகிறது என்பதுதான் அங்குள்ள அச்சத்தின் அளவு.

ஒரு முக்கியமான சான்று சிவகாசியின் மூன்றாவது தொழிலான அச்சிலிருந்து வருகிறது. 1972இல் அவ்வூரிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸ், முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது; 1984இல் லயன் காமிக்ஸ் தொடர்ந்தது. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் அறிமுகமான அந்தப் பாத்திரம், ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட உதவியாளன். மின்சாரம் பாய்ந்தால்தான் அவனால் மறைய முடியும். விபத்து, கருவி, சார்பு ஆகிய மூன்றும் ஒரே உடலில் கூடிய நாயகனைத் தமிழ்நாட்டுச் சிறாருக்குத் தந்த ஊர், விரல்கள் கருகிய சிறாரைத் தெருவிலேயே கண்டுகொண்டிருந்த ஊர். இழந்த கைக்கு ஈடாக வல்லமை கிடைக்கும் என்னும் கற்பனை பிரிட்டிஷ் வாசகனுக்கு வேடிக்கை; சிவகாசி வாசகனுக்கு அதன் பொருள் வேறாகவே இருந்திருக்கும்.

அண்மைத் தமிழ் இளையோர் இலக்கியம் உயிர்ப்போடு இருக்கிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நூலுக்கும், 2023இல் கோவில்பட்டி உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கும் கிடைத்தது. முன்னது குழந்தைகள்மீதான பாலியல் அத்துமீறலையும் பின்னது கீழடியின் பழமையையும் பதின்பருவ வாசகருக்குச் சொல்கின்றன. கடினமான பொருளையும் இளையோரிடம் பேசலாம் என்பதற்கு இவையே போதிய சான்று. எனினும் 2020 முதல் அவ்விருதைப் பெற்ற தமிழ் நூல்களுள் தொழில் பேரிடரைக் களமாகக் கொண்ட நாவல் ஒன்றும் இல்லை. சுனாமியும் 2015ஆம் ஆண்டு வெள்ளமும் இயற்கையின் செயல்களாகப் பள்ளிப் பாடத்துக்கு எளிதில் பொருந்துகின்றன. பட்டாசு விபத்து யாரோ ஒருவரைப் பொறுப்பாளியாக்கும், அந்த ஒருவர் பெரும்பாலும் வாசிக்கும் பிள்ளையின் ஊரிலேயே இருப்பார். இந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியது; ஏற்கத்தக்கது அன்று.

இன்றைய நிலைமையும் 1983 போன்றதன்று. ஆலைகளில் சிறார் உழைப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. மேல்நிலைத் தேர்ச்சி விழுக்காட்டில் விருதுநகர் மாவட்டம் பலமுறை மாநிலத்தின் முதலிடத்தைப் பிடித்திருக்கிறது. தீப்பெட்டி உற்பத்தியில் இயந்திரம் நுழைந்துவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து பசுமைப் பட்டாசுக்கு வழிவிட்ட பின், நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் வகுத்த கலவை முறைகளை நம்பித் தொழில் நிற்கிறது. வேதியியலும் சட்டமும் படித்த மகள் ஒருத்தி, சரம் பின்னிய தாயின் கூலி எந்தத் தீர்ப்பால் நின்றது என்பதையும் எந்த விதி மீறப்பட்டதால் பக்கத்து அறை வெடித்தது என்பதையும் ஒருசேர அறிந்தவளாக வளரும் தலைமுறை இது. அவளுடைய முதிர்ச்சி தொழில்நுட்பத்தைத் துறப்பதில் இல்லை, அதைக் கேள்வி கேட்கும் அளவுக்குத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. அவளை நாயகியாகக் கொண்ட இளையோர் நாவலை எழுத முன்வருவோர், எரிமலைக் கதைகளின் சட்டகத்தைக் கடன் வாங்காமல், வெடிபொருள் விதிகளையும் முதலிப்பட்டி விபத்துச் செய்திகளையும் ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அந்நூலை அச்சிடச் சிவகாசியில் அச்சகங்களுக்குப் பஞ்சமில்லை.